லென்ஸில் விழுந்த திருநீறு

நேற்று ஒரு மெல்லிய சிடி டிரைவ் வாங்கி வந்தேன். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் சிடி போட இடமே கிடையாதாம். இதைத் தனியாக வயரில் மாட்ட வேண்டுமாம். நல்ல கூத்து! பொத்தானை அழுத்தியதும் தட்டு வெளியே வந்தது. அதில் கடுகளவு லென்ஸ். பார்த்த மாத்திரத்தில் என் கை நெற்றிக்குப் போய்த் திருநீற்றைத் துடைத்தது. ஏன் என்று உனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளில் சிங்கப்பூரில், ஜூரோங் ஃபேக்டரியில் நாம் இருவரும் சிடி பிளேயருக்கு லென்ஸ் பொருத்தினோம். நான் சிராங்கூன் ரோட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து சேர்வதற்குள், பூன் லேயிலிருந்து வரும் நீ வாசலில் நிற்பாய். தூசி புகாத அறைக்குள் போகுமுன் முகம் கழுவ வேண்டும். பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டும் கூடாது. எவன் இந்த மூஞ்சியைப் பார்த்துக் கட்டிக்கப்போகிறான் என்று கண்ணாடி முன்னால் சலித்துக்கொள்வாய்.

ஒரு நாள், கிறிஸ்தவர்களான உங்களுக்குத் திருநீற்றுப் புதன். விடிகாலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தாய். என் பக்கத்தில் நின்றுதான் கழுவினாய். நான் கழுவவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் பெயருக்கு அர்ச்சனை செய்து வாங்கிய திருநீறு அது. அழித்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். தொப்பியைக் கீழே இழுத்து மறைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் நம் மேசையிலிருந்து போன பிளேயர்களில் பாட்டு திக்கித் திக்கி வந்தது. சூப்பர்வைசர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். லென்ஸ் மேல் சாம்பல் தூள். யாருடைய வேலை என்று கேட்டார். தாமதமாக வந்ததற்கு எனக்கு ஏற்கெனவே இரண்டு வார்னிங் லெட்டர். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாய் திறக்காமல் நின்றேன். நீ கையைத் தூக்கினாய். காலையில் சர்ச்சுக்குப் போனேன், கழுவ மறந்துவிட்டேன் என்றாய். அடுத்த மாதம் லைன் லீடராக வேண்டியவள் நீ. அன்றே உன் பெயரை அடித்துவிட்டார்கள்.

கேண்டீனில் நான் அழுதபோது அதட்டினாய். "முதல்ல உங்கப்பா எழுந்து உட்காரட்டும் லா. லீடர் வேலை எங்கே ஓடிப்போகுது?"

ஓடித்தான் போனது. இரண்டு வருஷம் கழித்து அது எனக்கே வந்தது. நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். நீ என் லைனிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாய். ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்தேன். உன் மகன் பழைய கதை பேசிக்கொண்டிருந்தான். அம்மா ஒரு தடவை திருநீற்றைக் கழுவ மறந்து லீடர் வேலையையே கோட்டை விட்டார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். பெற்ற பிள்ளையிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 

"தம்பி, உங்கம்மா கழுவினாங்க. கழுவாதது நான்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு நான் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது உன்னால். உன்னோடு ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். நன்றி என்று ஒரே ஒரு தடவை சொன்னேனாடி?