வயரில்லாமல் ஓடிய ரயில்

இன்று காலை நம் மருமகன் வீட்டில் ஒரே சால்டரிங் வாடை. மனுஷன் ரிட்டயர் ஆன பிறகு பொம்மை ரயில் வாங்கி ஓட்டுகிறார், தெரியுமா? மூன்று நாளாக ரயில் ரிமோட்டுக்குக் கட்டுப்படவில்லை என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் ஐந்தே நிமிடத்தில் ஓடவைத்தேன். "அத்தை, எப்படிக் கண்டுபிடிச்சீக?" என்று வாயைப் பிளந்தார். உங்களிடம் கேட்கச் சொல்லலாம் என்றால், நீங்கள்தான் போய்ச் சேர்ந்துவிட்டீர்களே. அதனால்தான் இந்தக் கடிதம்.

தேனி பஜாரில் நம் ரேடியோ கடை இருந்த காலம். முன்னால் நீங்கள், பின்கட்டில் நான். ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்வது நான். "அண்ணாச்சி கைராசியே ராசி" என்று பேர் வாங்குவது நீங்கள். எனக்கு அது பழகிவிட்டது. உங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பொருட்காட்சி என்றதும், என்னைக் கேட்காமலே ஒரு போர்டு எழுதிவிட்டீர்கள்: "வயரில்லாமல் ஓடும் ரயில். செய்தது எஸ்தர்."

"ஓடலன்னா ஊரே என்னயப் பாத்துச் சிரிக்குமே! என்ன காரியம் பண்ணிட்டீக!" என்று கத்தினேன்.

"சிரிச்சா ரெண்டு பேரையும் சேத்துத்தான் சிரிப்பாக. நீ செய் புள்ள" என்றீர்கள்.

செய்தேன். டேப்ரிக்கார்டர் மோட்டார், கைக்கு அடக்கமாக டிரான்ஸ்மிட்டர், ரயிலுக்குள் ரிசீவர். மூடியில்லாமல் பிரமாதமாக ஓடியது. பட்டனை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். நீங்கள் பிஸ்கட் தகரத்தை வெட்டி வளைத்து, மதுரையிலிருந்து போடிக்கு வருகிற ரயிலைப் போலவே ஒரு கறுப்பு எஞ்சின் செய்து அதன்மேல் மூடினீர்கள். அவ்வளவுதான். பக்கத்தில் நின்று அமுக்கினால் ஒரு இழுப்பு இழுக்கும்; இரண்டடி தள்ளிப் போனால் அசையாது.

பொருட்காட்சி அன்று மத்தியானம்வரை என் ரிசீவரைத்தான் சந்தேகப்பட்டேன். காயிலை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன். சாயங்காலம் திறப்பு. "அந்தப் போர்டக் கழட்டிருங்க" என்று அழாத குறையாகச் சொன்னேன். நீங்கள் காதிலேயே வாங்காமல், பெயிண்ட் பிசிறைத் துடைக்க எஞ்சின் மூடியைக் கழற்றினீர்கள். வெறுப்பில் நான் பட்டனை அமுக்கினேன். ரயில் பறந்துபோய் உங்கள் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது!

"ஏ ஆத்தா! என் தகரமா சிக்னல மறிச்சிச்சு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

மருமகன் வீட்டிலும் இதே கூத்துதான். ரிமோட்டோடு பேசுகிற பெட்டியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். மாமனாருக்கு ஏற்ற மருமகன்!

அன்று நீங்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மூன்று நாள் பாடுபட்டுச் செய்த எஞ்சினின் புகைபோக்கியில் ஆணியை வைத்து ஓட்டை போட்டீர்கள். ஏரியல் கம்பி தகரத்தில் படாமலிருக்க அதைச் சைக்கிள் வால்ட்யூபில் நுழைத்து, புகைபோக்கி வழியே வெளியே நீட்டினேன். மூடியை மாட்டி அமுக்கினேன். ஓடியது. வாசல்வரை போய் அமுக்கினேன். ஓடியது!

சாயங்காலம் கூட்டம் நெருக்கியது. போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் நம்பவேயில்லை. "பொம்பள செஞ்சதாம்ல! அடியில கயிறு கட்டி இழுக்காக" என்று வேட்டியை மடித்துக்கட்டி மேசைக்கடியில் புகுந்தார். வெளியே வரும்போது தலையெல்லாம் ஒட்டடை. கயிறுதான் கிடைக்கவில்லை. உங்கள் தோளைத் தட்டி, "எப்படிப்பா செஞ்ச?" என்று கேட்டார்.

"என்கிட்ட ஏன் கேக்குறீக? ஓட்ட போட்டது மட்டுந்தான் நானு. செஞ்சவ அந்தா நிக்கிறா, அவகிட்டக் கேளுங்க."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வெட்கமெல்லாம் வரவில்லை. நெஞ்சு முட்டப் பெருமைதான் வந்தது. தொண்டை கட்டும்வரை விளக்கம் சொன்னேன். மறுநாள் கம்பத்திலிருந்து வந்த ஒருவர் உங்களைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று டிரான்சிஸ்டரை நீட்டினார். நீங்கள் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

நீங்கள் போன மறுமாதம் நான் தனியாகக் கடையைத் திறந்தேன். அண்ணாச்சி இல்லாமல் எப்படி நடத்துவாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்தார்கள், ரேடியோவை என் கையில் கொடுத்தார்கள், எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்போதுதான் உங்களை நினைத்து வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே நாலு ரேடியோவைப் பாடவைத்துவிட்டேன்.