கேட்காத மன்னிப்பு

சிதறால்
2.7.2024

அன்புத் தங்கை பெமிலாவுக்கு, அக்காள் ஷைஜா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. மகள் ஜெஸ்பினுக்கு ஆகஸ்டில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பாதான் நம் சபைச் செயலர். கிறிஸ்தவத்தைத் திட்டி நீ போட்ட புத்தகத்தை வாசித்துவிட்டு, "ஒங்க தங்கச்சி சபைக்கு மன்னிப்பு எழுதித் தரட்டு, பெறவு ஓலை வாசிக்கலாம்" என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் எப்படித் தாலி கட்ட? ஒரு வரி போதும், மக்கா. நீ தூக்கி வளர்த்த பிள்ளை.

அக்காள்
ஷைஜா

கோவை
8.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத மாட்டேன். புத்தகத்தில் நான் சொன்னது இதுதான்: நான் செய்யாத பாவத்தைப் பிறக்கும்போதே என் தலையில் ஏற்றுகிறார்கள். நான் கேட்காமலே ஒருவர் அதற்காகச் சாகிறார். அப்புறம் ஆயுசு முழுக்க நான் நன்றியோடு முழங்காலில் நிற்க வேண்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. பின்னால் வந்த சிந்தனையாளர்களும் கடவுளைத் துரத்திவிட்டு அவருடைய நாற்காலியை வைத்துக்கொண்டார்கள். அதில் வரலாற்றை உட்கார வைத்தார்கள், சமுதாயத்தை உட்கார வைத்தார்கள். குற்றவாளி மட்டும் மாறவேயில்லை, பிறந்துவிட்ட மனுஷன்தான். இதைப் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு தத்துவ வகுப்பு எடுப்பேன்?

ஜெஸ்பினுக்கு என் முத்தம். செயலருக்கு ஒன்றுமில்லை.

பெமிலா

சிதறால்
22.7.2024

அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் பெரியவர். நேற்று முதல் ஓலை வாசித்தாயிற்று. அதற்கு முன் உன் மன்னிப்புக் கடிதத்தைப் போதகர் வாசித்தார். நான்தான் எழுதினேன். உன் கையெழுத்து எனக்கு வராதா? 'பாவியாகிய நான்' என்று தொடங்கினேன். பெண்கள் பக்கம் அழாத ஆளில்லை. சபையே எழுந்து உனக்காக ஜெபித்தது. பக்கத்து வீட்டுப் பூங்கனி என்னைக் கட்டிக்கொண்டு, "காணாம போன ஆடு வந்துட்டே ஏட்டி" என்றாள். எல்லாரும் உன்னை மன்னித்துவிட்டார்கள். தலை நிமிர்ந்து கல்யாணத்துக்கு வா.

அக்காள்
ஷைஜா

கோவை
29.7.2024

ஷைஜா அவர்களுக்கு,

நான் செய்யாததற்கு, நான் கேட்காமல், என் பெயரில் நீ மண்டியிட்டிருக்கிறாய். ஒரு புத்தகம் முழுக்க நான் சொல்லத் திணறியதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து காட்டிவிட்டாய்.

போதகருக்கு உண்மையை எழுதி உறையும் ஒட்டினேன். அனுப்பினால் ஜெஸ்பினின் கல்யாணம் நின்றுபோகும். கிழித்துவிட்டேன், அவளுக்காக மட்டும். இனி அந்த ஊருக்கு நான் மன்னிப்புக் கேட்டவள்தான்.

கல்யாணத்துக்கு வர மாட்டேன். இனி எழுதாதே. நான் வாய் திறக்காததை வைத்து, தங்கை மன்னித்துவிட்டாள் என்று சொல்லித் திரிவாய். நான் மன்னிக்கவில்லை. அதற்கும் நீயே என் கையெழுத்தைப் போட்டுவிடாதே.

பெமிலா