சாய்வுப் பலகை

12-8-1968, திங்கள்

சேலைக் கரைக்கு டிசைன் வரைகிற பிழைப்பு என்னுடையது. கட்டம் போட்ட தாளில் நாள் முழுக்கக் குனிந்து புள்ளி வைத்தே பிடரியும் தோள்பட்டையும் இறுகிப்போயின. தாளைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி வைக்கச் சொன்னார் டாக்டர். நேற்று பழைய தறிப் பலகை ஒன்றை அறுத்து, சாய்வாக ஒரு தாங்கி செய்தேன். இன்று கடையில் தாளை அதில் வைத்து வரைந்தேன். மதியம் வரை வலியே தெரியவில்லை.

அப்போது முதலாளி வந்தார்.

“இன்னாபா, நிமிர்ந்து உக்காந்துக்கினு? சேலை எடுக்க வர்றவங்க இன்னா நினைப்பாங்க? குனிஞ்சி போட்டாத்தான் வேலை சுத்தமா வரும்.”

தாங்கியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பழையபடி குனிந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“சும்மாதானே கிடக்குது? காலையில பாராயணப் புத்தகத்தை மடியில வச்சிப் படிச்சா எனக்குக் கழுத்து புடிச்சிக்குதுபா.”

“எடுத்துக்கினு போங்க முதலாளி” என்றேன்.

அதோடு விட்டேனா? ரிக்‌ஷா வரை நானே தூக்கிக்கொண்டு போனேன். புத்தகத்தை எந்த உயரத்தில் வைத்தால் கழுத்து வலிக்காது என்றும் சொல்லிக்கொடுத்தேன். அதையும் குனிந்துகொண்டேதான் சொன்னேன்.