எனக்கு ஒதுக்கிய பாகற்கொடி

இன்று காலை மருமகளிடம் திட்டு வாங்கினேன். மரியாதையான திட்டுதான். "வீட்டுக்குள்ள பைப்பு இருக்கு, கதவு வச்ச குளிக்கிற அறை இருக்குலா மாமா. எதுக்கு இந்த எலுமிச்ச மரத்தடியில நின்னு குளிக்கிறீங்க? தெருவுல போறவங்க பாக்குறாங்க" என்றாள். பார்த்துவிட்டுப் போகட்டும், இந்த வயதில் என்னிடம் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சீயக்காய்த் தண்ணீர் காய்ந்த மண்ணில் இறங்கி அந்த வாசனை எழும்பிவிட்டது. ஈப்போவில் மழையைப் பார்த்தே வாரக்கணக்காகிறது. சுட்ட மண்ணும் சீயக்காயும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நான் நேராக நம் பழைய ரப்பர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்குப் போய்விட்டேன். உன் குரல்கூடக் கேட்டது. "சோப்பு போடலல்ல?"

போடவில்லை. இன்றுவரை போடவில்லை, என்னைக் கட்டிக்கொண்ட மகராசியே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு மாசி மாதம். ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. நிழல் என்று சொல்லிக்கொள்ள எஸ்டேட்டில் ஒன்றும் இல்லை. பால் வெட்டப் போனால் காலடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். லயத்துக் கிணறு வற்றிப்போய், மலையடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் அத்தனை வீட்டுக்கும் கதி. அந்த வருஷம் பார்த்துத்தான் நீ கோப்பெங் ஊர்ச் சம்பந்தக்காரர்களிடம் வாயைக் கொடுத்திருந்தாய்.

உன் தங்கச்சி அஞ்சலையைக் கேட்டு அவர்கள் தை மாதம் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நம் லயத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எஸ்டேட்டுல பாலத் தவிர என்ன கெடைக்கும்? பந்தி போடணுமே. கல்யாணத்த கோப்பெங்லயே எங்க வீட்டுல வச்சுக்குவோம்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்பா அம்மா இல்லாத பெண்ணை நீதான் வளர்த்தாய். அவள் உன் வாசலிலிருந்துதான் தாலி கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது உன் ஆசை. அதற்கு மேல் நீ எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. உடனே சொன்னாய்: "பந்தியில விழுற காயெல்லாம் எங்க கொல்லையில வெளஞ்ச காயா இருக்கும் அத்த. மாசி முடியறதுக்குள்ள ஒரு தடவ வந்து பாருங்க. கொல்ல காஞ்சு கெடந்தா, கல்யாணம் உங்க வீட்டுல."

கோப்பெங்குக்காரர்கள் போன பிறகு நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். நீ மண்வெட்டியை எடுத்துக்கொண்டாய்.

வீட்டுக்குப் பின்னால் எஸ்டேட் விட்டுக்கொடுத்த துண்டு நிலம். கத்திரி, வெண்டை, பயத்தங்காய், பூசணி, ஓரமாக வாழை, வேலிப்பக்கம் பாகற்காய்ப் பந்தல். எல்லாம் பூ விடுகிற சமயம். ஒரு நாள் விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், ஆளெல்லாம் வரிசையில் நிற்கும்போது, நம்மை வேலை வாங்கும் தண்டல் கட்டைக் குரலில் அறிவித்தார்: "தொட்டித் தண்ணி குடிக்க, சமைக்க, குளிக்க மட்டும். எவனாவது செடிக்கு ஊத்துனா கொல்லைய எஸ்டேட் திருப்பி எடுத்துக்கும்." உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ எதையோ வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெட்டுக்குப் போகிற வழியில் மெதுவாகக் கேட்டாய்: "குளிக்கலாம்னு சொன்னாருல்ல?"

"சொன்னாரு."

"எங்க நின்னு குளிக்கணும்னு சொல்லலயே."

அன்று சாயங்காலமே என்னைப் பாகற்பந்தலடியில் நிறுத்திவிட்டாய். கொல்லையில் அதுதான் மோசமான இடம். வேலி முள் முதுகைக் கிழிக்கும், வெயில் நேரே மண்டையில் இறங்கும். வாழையடியில் நின்றுகொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "உங்க வாய்க்கு அதுதான் பொருத்தம். கசப்போட கசப்பு சேரட்டும்" என்றாய். தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளியை மாட்டித் தொட்டியிலிருந்து சுமந்து வந்த தண்ணீரை, நான் தலையில் ஊற்றிக்கொள்ள, அது என் காலடியில் கொடிக்கு இறங்கியது. நீ குனிந்து பார்த்து, "கொஞ்சம் எடது பக்கம் நவுருங்க" என்றாய். கட்டின புருஷனை நகர்த்தி நகர்த்தித் தண்ணீர் பாய்ச்சிய ஒரே பெண்பிள்ளை நீயாகத்தான் இருப்பாய்.

நான் ஒருவன் குளித்து எத்தனை செடி பிழைக்கும்? லயம் முழுக்கச் சொல்லியனுப்பினாய். அவரவர் பங்குத் தண்ணீரைக் கொண்டுவந்து நம் கொல்லையில் குளித்துவிட்டுப் போக வேண்டும், கல்யாணத்தன்று முதல் பந்தியில் இலை. விஷயம் அஞ்சலையின் கல்யாணம் என்றதும் ஒருவரும் மறுக்கவில்லை. மத்தியானம் பெண்கள், சாயங்காலம் ஆண்கள். "மாரிமுத்தண்ணே, இன்னிக்கு நீங்க வெண்டக்கா. நேத்து கத்திரிக்கு நெறைய ஆயிடுச்சு" என்று நீ சொல்லுவாய், அந்த மனுஷனும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெண்டையைத் தேடிப் போவார். சோப்பு பட்டால் செடி கருகும் என்று சீயக்காயும் பயத்தமாவும் மட்டும்தான் அனுமதி. மாரிமுத்து ஒரு நாள் கோவணத்தில் சோப்புத் துண்டை ஒளித்துக் கொண்டுவந்து, நுரையால் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நீ வாசலிலேயே கையை நீட்டி, "சோப்பக் குடுத்துட்டுப் போங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வாய்.

ஊர்வாய் சும்மா இருக்குமா. தண்டல் வந்து நின்றார்.

"செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களாமே."

"ஊத்தல அண்ணே. குளிக்கிறாங்க."

"செடி மேல ஏன்மா குளிக்கிறாங்க?"

"அவங்க குளிக்கிற எடத்துல செடி நிக்குது. தண்ணி எங்கயாவது போய்த்தானே ஆகணும்?"

தண்டல் என்னைப் பார்த்தார். நான் பாகற்காய் இலையைப் பார்த்தேன். துரையிடம் சொல்லத்தான் போகிறேன் என்று விடுவிடுவென்று போய்விட்டார். அந்த ராத்திரி நீ சாப்பிடவில்லை. "கொல்ல போனா போகட்டும். அஞ்சலைய எப்படிங்க அடுத்தவங்க வாசல்ல நின்னு அனுப்புவேன்?" என்று நீ சொன்னது ஒரே ஒரு தடவைதான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் தண்டல் திரும்பி வந்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். "துரை சிரிச்சிட்டாரு. குளிக்காதன்னு நான் எப்படி உத்தரவு போடறதுன்னு என்னையே கேக்குறாரு" என்றார். பிறகு போகாமல் நின்றார். பகலெல்லாம் வெயிலில் அலைந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நீ ஒரு வாளியை அவர் பக்கம் நகர்த்தி, "பூசணிப் பக்கம் எடம் காலியாத்தான் இருக்கு அண்ணே" என்றாய்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்து, உடம்பெல்லாம் பயத்தமாவைப் பூசிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தானா கோப்பெங்குச் சம்பந்தியம்மா வந்து சேர வேண்டும்? மாட்டுவண்டியை விட்டு இறங்கிக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். செடிக்கு ஓர் ஆளாக ஆண்பிள்ளைகள் வரிசையாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் தண்டல். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். போச்சுடா, கல்யாணம் கோப்பெங்குக்குப் போயாச்சு என்று நினைத்தேன்.

நீ அசரவில்லை. ஆண்களைத் துரத்திவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு அவளைக் கொல்லைக்குள் கூட்டிவந்தாய். "தூசியில வந்திருக்கீங்க, கால இங்க கழுவுங்க அத்த" என்று பயத்தங்காய்க் கொடியடியைக் காட்டினாய். அவள் கழுவினாள். தண்ணீர் போகிற வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்திரி பிஞ்சு விட்டிருந்தது. பூசணி கைப்பிடி அளவுக்குத் திரண்டிருந்தது. சுற்றிலும் ஊரே காய்ந்து கிடக்க, அந்த ஒரு துண்டு மட்டும் பச்சை. அவள் முகத்தையும் கழுவிக்கொண்டாள். பிறகு சாவகாசமாகக் கேட்டாள்: "இன்னிக்கு இன்னும் தண்ணி போகாத செடி எதும்மா?"

உன் சிரிப்பு லயத்தின் கடைசி வீடு வரை கேட்டிருக்கும்.

பங்குனியில் நம் வாசலிலேயே பந்தல் போட்டோம். அஞ்சலைக்கு நலங்கு வைத்துக் குளிப்பாட்டிய மஞ்சள் தண்ணீர் வாழைக்குப் போனது. பந்தியில் பூசணிக் கூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாரிமுத்து, "இது தண்டலு குளிச்சதுலா" என்று சத்தமாகச் சொல்ல, தண்டலே புரையேறச் சிரித்தார். பாகற்காய்ப் பொரியல் மட்டும் கசப்பு தாங்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஈப்போவுக்குக் குடிவந்து, பைப்பில் கேட்டபோது தண்ணீர் கொட்டியும், நீ அரிசி கழுவிய தண்ணீரைச் சும்மா விட்டதில்லை. கடைசியாக வைத்தது இந்த எலுமிச்சை. வருஷக்கணக்கில் ஒரு காய் இல்லை. "காய்க்கலன்னா வெட்டிருவேன்" என்று தினம் மிரட்டுவாய்.

நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்ட எங்கே கிடத்துவது என்று பெண்கள் கேட்டார்கள். எலுமிச்சையடியில் என்றேன். அந்தத் தண்ணி மரத்துக்குப் போகக்கூடாது என்று உன் ஒன்றுவிட்ட அண்ணன் தடுத்தார். "சாக்கடைக்கு விட்டா அவ எந்திரிச்சு வந்து என்னத் திட்டுவா" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அஞ்சலைதான் முதல் செம்பை ஊற்றினாள்.

இந்த வருஷம் மரம் காய்த்துக் குலுங்குகிறது. போன வாரம் வந்த உன் அண்ணன் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். எந்த மரத்துக் காய் என்று நான் சொல்லவில்லை.

புதுசாக வந்த மருமகளுக்கு இதெல்லாம் தெரியாதே. இன்று காலை திட்டு முடிந்ததும், தலை துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அரிசி கழுவிய தண்ணீரோடு வந்து மரத்தடியில் ஊற்றினாள். பிறகு வேலிப்பக்கம் நான் நட்டிருக்கும் கொடியைப் பார்த்து, "இது என்னா மாமா?" என்றாள்.

"பாவக்கா. என்னைக் குளிப்பாட்டுற அன்னிக்கு மறந்துடாத. எனக்கு அந்த எடம்தான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரப் பெண். அவசரம் ஒன்றுமில்லை என்று அவளிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். கொடி இப்போதுதான் பந்தலைத் தொட்டிருக்கிறது. நாளைக் காலையில் நான் அங்கேதான் குளிக்கப் போகிறேன், கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து நின்று.