இரண்டு கையிலும் காப்பு

பொன்னமராவதி,
பங்குனி 20

அன்பு மகன் சரவணக்குமாருக்கு அம்மா ராசாத்தி எழுதுவது.

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே படி. போன வாரம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கும் வந்தாகிவிட்டது. இப்போது வாசலில் நின்று, கடலை பறிக்க வந்தவர்களை வேலை வாங்கி விரட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் பதறாதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பா சட்டைப் பையில். நீயோ எதிர்வீட்டு முனியாயி அத்தை போனில்தான் என்னைக் கூப்பிடுகிறாய். அவள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். அய்யப்பன் மாமா மகன் இன்று நீ இருக்கும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறான். அவனிடம் முறுக்கோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

பொங்கலன்று நீ, "டெஸ்ட் எடுத்துட்டு எங்கிட்ட பேசுங்க" என்று அப்பாவிடம் சொல்லிப் போனை வைத்தாய். அதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. உன் கோபம் நியாயம்தான். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, இருதயத்துக்கு ஆஞ்சியோ டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஒரு வருஷமாக டிமிக்கி கொடுத்தார். ஏன் என்று உனக்குத் தெரியாது. குழந்தைசாமி பெரியப்பாவுக்கு முன்பு அதே டெஸ்டுக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டார்கள் இல்லையா? வேட்டியை அவிழ்த்தது, நர்ஸ் சவரம் செய்தது, தொடையில் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போட்டது என்று டீக்கடையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் அப்பாவுக்கு உயிரை விட வெட்கம் பெரிதாகிவிட்டது. இதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வார்?

வலி வந்த அன்றும் முரண்டுதான். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாதாம். பூசாரி வந்து, "ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா, வண்டியில ஏறுங்க" என்று அதட்டிய பிறகுதான் ஏறினார்.

டாக்டரம்மா சின்ன வயசு. அப்பாவின் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்து, இதன் வழியாகவே மெல்லிய குழாயை இருதயம் வரை கொண்டுபோய் அடைப்பைச் சரிசெய்துவிடலாம், தொடைப் பக்கமே போக வேண்டாம் என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இது தெரியாமல் ஒரு வருஷத்தைத் தொலைத்தோமே என்று எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

நிம்மதியும் நிலைக்கவில்லை. நர்ஸ் பெண் கத்திரிக்கோலோடு வந்து, வலது மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை வெட்டப் போனது. அப்பா கையை இழுத்துக்கொண்டார். "காப்புல கத்திரிய வைக்காதீங்கம்மா. வேணும்னா கால் வழியாவே போங்க" என்றார். எதற்குப் பயந்து ஓடினாரோ, அதையே தானாகக் கேட்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அப்படி என்ன வேண்டுதல் என்று அந்தப் பெண் கேட்டது. "மகனுக்கு சிங்கப்பூர்ல மறுபடி வேலை பெர்மிட்டு கெடைக்கணும்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னிடம் மழைக்காக என்றுதான் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கிட்டும் நாடி நல்லா ஓடுதுங்கய்யா, இது வழியாவே போயிருவோம்" என்றார். கதவை மூடினார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத மாட்டேன்.

வெளியே வந்தபோது இடது மணிக்கட்டில் காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை. ரத்தம் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் காற்றை இறக்கிய பிறகே கழற்றினார்கள். அதுவரை, "இது டாக்டரம்மா கட்டுன காப்பு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். அன்று சாயங்காலமே எழுந்து நடந்தார், இட்லி சாப்பிட்டார். பார்க்க வந்த குழந்தைசாமி பெரியப்பாவுக்கு மணல் மூட்டை இல்லாததில் பெரிய ஏமாற்றம்.

மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, இடது கையில் கொஞ்ச நாள் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் திருவிழாவில் அப்பாவின் பால்குடத்தை நான் எடுக்கிறேன். நாங்கள் ஊரில் இல்லாதபோது மாடு கன்று போட்டிருக்கிறது, கிடேரி.

உனக்கு பெர்மிட் கிடைத்துவிட்டது என்று முனியாயி அத்தை போனில் நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். காப்புக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்பெல்லாம் போனை வரப்பில் வைத்து மறந்துவிட்டு வருவார். இப்போது குளிக்கப் போனாலும் சோப்பு டப்பா பக்கத்தில் அது இருக்கிறது. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

நீ சொன்ன டெஸ்டை எடுத்தாகிவிட்டது, தம்பி. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் காப்பு அவிழ்க்கிறோம். அதன் பிறகு வீட்டில்தான் இருப்பார். ஆத்தா உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அந்த இடது கையில் போன் பிடிக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பாரம் தாங்கும் என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராசாத்தி