தாலிக்கு முதல் வைச்ச எழுத்து

தேனு,

போனில சொல்ல வாய் வரேல்லை, அதுதான் எழுதுறன்.

என்ர வேர்க் பெர்மிற் அடுத்த மாதம் முடியுது. பிறம்ரன் வெயார்ஹவுசில மூண்டு வருசம் முறிஞ்சதுக்கு, இஞ்ச நிரந்தரமா இருக்கிற பிஆருக்கு என்னை ஸ்பொன்சர் பண்ண முதலாளி ஓமெண்டிட்டார். உடன வீட்டில சொல்லிப்போடாதை. முழுக்க வாசி.

நான் கனடாவுக்குப் படிக்க வரேக்க விசாப் போமில 'கலியாணம் ஆகேல்லை' எண்டு போட்டனான். ரெஜிஸ்ராருக்கு முன்னால கையெழுத்துப் போட்டு எழுத்து மட்டும்தானே வைச்சது, தாலி கட்டினாத்தானே கலியாணம் எண்டு மாமியும் சொன்னவா. நானும் அப்பிடித்தான் நினைச்சன். இஞ்சத்தச் சட்டத்துக்கு எழுத்துத்தான் கலியாணமாம். இப்ப பிஆர் போமில மனுசியெண்டு உன்ர பேரைப் போட்டால், அண்டைக்குப் பொய் சொன்னனெண்டு என்னை அனுப்பிப்போட்டு, அஞ்சு வருசத்துக்கு வரவிடாங்களாம். போடாட்டி, பிறகு ஒருநாளும் உன்னைக் கூப்பிடேலாதாம்.

"தெரிஞ்சுகொண்டு பொய் எழுத என்னால ஏலாது தம்பி" எண்டு என்ர கேஸைப் பாக்கிற லோயர் அன்ரி போமைத் திருப்பித் தந்திட்டா. நேற்று நானே நிரப்பி அனுப்பிட்டன்.

தையில மண்டபம் கிடைச்சிட்டுதெண்டு மாமா மெசேஜ் போட்டிருந்தவர். நான் இன்னும் பதில் போடேல்லை. நீயே ஏதாவது சொல்லிவிடு. கூறைச்சீலை போட்டோ பாத்தனான். நல்ல நிறம். உனக்கு எடுப்பா இருக்கும்.

போமில என்ன போட்டனெண்டு மட்டும் கேளாதை.

அதில எழுதாததை இதிலயாவது எழுதிவிடுறன்.

உன்ர புருசன்