நான் வைத்த சீல்

பூவரசங்குளம்,
மார்கழி 14.

அன்புள்ள றிப்காவுக்கு,

நீயும் ஷாமிலும் சின்னவளும் டோஹாவில் நலமாயிருக்க வேண்டும். இங்கே புயல் போய், வயலில் நின்ற வெள்ளமும் வடிந்துவிட்டது. உனக்கு இரண்டு தடவை தொலைபேசி எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் மழை, மரக்கறி விலை என்று வாய்க்கு வந்ததைக் கதைத்து வைத்துவிட்டேன். நேரில் சொல்ல முடியாததை எழுதித் தள்ளுகிறவள் நான் என்று பள்ளிக்கூடத்திலேயே சிரிப்பாயே, அதுதான் எழுதுகிறேன்.

உங்கள் அரிசி மில்லுக்கும் வீட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டருக்கு நான் சீல் வைத்தது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பத்மாசனி அக்காவின் கிணற்றில் டீசல் மிதந்தது. புகையால் அவாவின் சின்னவனுக்கு இழுப்பு. சுற்றாடல் உத்தியோகத்தர் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சீல் வைத்தது பிழையென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. உன் வாப்பாவும் கோபிக்கவில்லை. எல்லாம் திருத்தும்வரை பொறுப்பம் மகள் என்று சொல்லித் தேத்தண்ணியும் தந்தார்.

என் பிழை வேறு. மின்சாரம் நின்று ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்றால் சீல் உடைத்து ஓட்டலாம், பிறகு எங்களுக்கு அறிவித்தால் போதும். அந்த விதிவிலக்கை நான் வாப்பாவிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, றிப்கா. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார், ஒவ்வொரு நாளும் அவசரம் என்று மில்லை ஓட்டுவார் என்று நினைத்தேன். உங்கள் வீட்டு வட்டிலப்பம் தின்று வளர்ந்தவள் கண்டும் காணாமல் விட்டாள் என்று ஊர் சொல்லுமோ என்றும் பயந்தேன். மூச்சு வருத்தத்தோடு கிடக்கும் உன் உம்மாவின் கட்டிலடியில் ஒட்சிசன் மெஷின் நின்றதை அன்றைக்கும் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

புயலன்று மின்கம்பம் விழுந்து கரண்ட் போனது. மெஷினும் நின்றது. ஜெனரேட்டரைப் போடுங்கோ என்று பத்மாசனி அக்காவே ஓடிவந்து அழுதாவாம். வாப்பா கேட்கவில்லை. அது எங்கட கௌசலா வச்ச சீல், உடைச்சா பிள்ளையின்ர வேலைக்குத்தான் கேடு, உழவு இயந்திரத்தில ஏத்தினா கொஞ்ச நேரத்தில ஆசுபத்திரி என்றாராம். போகிற வழியில் பாலம் வெள்ளத்துக்குள் கிடந்திருக்கிறது. சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது உம்மாவுக்கு நினைவில்லை.

உன்னிடம் வெள்ளத்தால் ஆசுபத்திரிக்குப் போகப் பிந்தியது என்று மட்டும்தான் வாப்பா சொல்லியிருக்கிறார். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார். அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

நான் தினமும் ஆசுபத்திரிக்குப் போகிறேன். உம்மாவுக்கு ஆளைத் தெரிகிறது, கதைக்கத்தான் மூச்சுப் போதவில்லை. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னா. நீ கேட்டால், தேறி வாறா, நோன்புப் பெருநாளைக்கு வந்தால் போதும் என்றுதான் வாப்பா சொல்லுவார். அதை நம்பாதே.

நீ வந்து என்னோடு கதைக்க வேண்டாம். என் முகத்தில் விழிக்கவும் வேண்டாம். நீயும் உன் குடும்பமும் பத்திரமாய் வந்து சேர நான் கும்பிடும் பிள்ளையாரும் நீ தொழும் அல்லாஹ்வும் துணையிருக்கட்டும். பெருநாள்வரை மட்டும் வைக்காதே, றிப்கா. சுணங்காமல் வா.

உன் கூட்டாளி என்று எழுதக் கை கூசும்,
கௌசலா